யாழ்ப்பாணத்துச் சைக்கிளுக்கு 250 வாற் போதும்

கொஞ்சம் நீளமான பதிவு, ஆறுதலாக இருக்கிற நேரம் வாசியுங்கள்.

இரண்டு ஆசிரியர்களும் ஒரு சைக்கிள் கடைக்கார அண்ணையுமாக நாங்கள் மூன்று பேர், ஒரு பழைய சைக்கிளுக்குச் சின்ன மோட்டர் ஒன்று பூட்டி சில மாதங்களாக ஓடிக்கொண்டிருக்கிறோம். பள்ளிவாசலடியில், பாடசாலை கேற்றில், சந்தையில் என்று எங்கே நிற்பாட்டினாலும் ஒரே கேள்விதான். "சேர், எவ்வளவு ஸ்பீட் போகும்?" 18, 20 என்று சொன்னால் கேட்டவரின் முகம் சப்பென்று போய்விடும். "இவ்வளவு மினக்கெட்டதுக்கு ஆயிரம் வாற் ஒன்று போட்டிருக்கலாமே" என்பதுதான் அடுத்த வார்த்தை. ஒவ்வொருவருக்கும் வீதியில் நின்று பதில் சொல்ல நேரம் போதாது. அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம்.

எங்கள் கருத்து இதுதான். யாழ்ப்பாணக் குடாநாட்டுச் சைக்கிளுக்கு 250 வாற் போதும். மோட்டர் காலுக்குத் துணையாக இருக்க வேண்டும், காலுக்கு ஓய்வு கொடுத்து வீட்டில் இருத்தக் கூடாது. அதை இங்கேயே, எங்கள் சைக்கிள் கடைகளிலும் பாடசாலை வேலைத்தளங்களிலும் செய்யப் பழக வேண்டும்.

முதலில் எங்கள் நிலத்தைப் பாருங்கள். கண்டியிலோ நுவரெலியாவிலோ இருக்கிற ஒருவர் பெரிய மோட்டர் கேட்டால் நியாயம் உண்டு. இங்கே ஏற்றம் என்று சொல்ல என்ன இருக்கிறது? சுண்ணக்கல் மேல் தட்டையாகக் கிடக்கிற மண். எங்களுக்கு மலை என்றால் அது காற்றுத்தான். மே தொடங்கி செப்ரெம்பர் வரை சோளகம் அடிக்கிற நாட்களில் பண்ணைப் பாலத்திலோ பொன்னாலைப் பாலத்திலோ எதிர்க்காற்றில் சைக்கிள் மிதித்தவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. இரண்டு பக்கமும் கடல், மறைப்புக்கு ஒரு மரம் இல்லை. இறங்கி உருட்டிக்கொண்டு போகிறவர்களும் உண்டு.

இதைக் கணக்காகப் பார்ப்போம். ஆளும் சைக்கிளுமாக 90 கிலோ என்று வையுங்கள். காற்றில்லாத தட்டையான வீதியில், நிமிர்ந்து இருந்து மணிக்கு 20 கிலோமீற்றரில் போக ஏறத்தாழ 100 வாற் வேண்டும். அதிலே 40 வாற் அளவு ரயர் வீதியில் உருளுவதற்கு, மிச்சம் 60 காற்றைத் தள்ளுவதற்கு. இப்போது மணிக்கு 15 கிலோமீற்றரில் எதிர்க்காற்று அடிக்கிறது என்று வைத்தால், அதே வேகத்துக்கு 220, 230 வாற் வரை போகும். பயிற்சி இல்லாத சாதாரண ஆள் ஒருவரின் காலால் மணித்தியாலக் கணக்கில் தொடர்ந்து கொடுக்கக்கூடியது 75 முதல் 100 வாற்தான். அதாவது காற்றில்லாத நாளில் கால் மட்டும் போதும். சோளகத்தில் 120, 130 வாற் குறைகிறது. அந்தக் குறையை நிரப்ப 250 வாற் மோட்டர் தாராளம். பாதிப் பலத்தில் ஓடினாலே காணும்.

ஆகவே ஆயிரம் வாற் கேட்கிறவர் உண்மையில் காற்றுக்குத் துணை கேட்கவில்லை, மோட்டார் சைக்கிள் கேட்கிறார். அது தேவையென்றால் மோட்டார் சைக்கிளே வாங்கலாம். அதற்கேற்ற ரயரும் பிறேக்கும் சட்டமும் அதோடு வருகிறது. சைக்கிளின் போக், றிம், பிறேக் எல்லாம் மனிதக் காலின் வேகத்துக்குச் செய்தவை. வேகம் இரட்டிப்பானால் பிறேக் தாங்க வேண்டிய சக்தி நான்கு மடங்கு. 20இல் 5 மீற்றருக்குள் நிற்கிற சைக்கிள் அதே பிறேக்கோடு 40இல் 20 மீற்றர் போய்த்தான் நிற்கும். மாடும் நாயும் ரியூசன் விட்டு வருகிற பிள்ளைகளும் குறுக்கே வருகிற எங்கள் ஒழுங்கைகளில் அந்த 15 மீற்றரில் ஒரு உயிர் போகலாம்.

250 என்பது நாங்கள் கண்டுபிடித்த எண்ணும் அல்ல. ஐரோப்பிய ஒன்றியத்தில் சைக்கிளாகக் கணக்கெடுக்கப்படும் மின்சைக்கிளுக்கு எல்லை 250 வாற், 25 கிலோமீற்றர் வேகம். இந்தியாவின் மோட்டார் வாகன விதியிலும் 250 வாற்றுக்கும் 25 கிலோமீற்றருக்கும் உட்பட்டது மோட்டார் வாகனமாகக் கொள்ளப்படுவதில்லை. ஜப்பானில் 1993இல் யமஹா 'பாஸ்' என்ற பெயரில் விட்ட முதல் துணைமோட்டர் சைக்கிளில் இருந்தது 235 வாற் மோட்டர். அதுவும் நாங்கள் செய்ததைப் போல கிராங்குக்குப் பக்கத்தில் பூட்டிய மோட்டர்தான். காலால் மிதித்தால் மட்டும் உதவும், 24 கிலோமீற்றருக்கு மேல் உதவி நின்றுவிடும். இன்றைக்கும் ஜப்பானில் முன்னுக்கும் பின்னுக்கும் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு தாய்மார் போவது இந்த வகைச் சைக்கிளில்தான்.

சரி, மோட்டரை ஏன் சில்லில் பூட்டாமல் நடுவில் பூட்டினோம்?

சந்தையில் கிடைக்கிற பூட்டுச் சாமான்களில் பெரும்பாலானவை சில்லின் அச்சுக்குள்ளேயே இருக்கிற மோட்டர்கள். பூட்டச் சுகம், அதை மறுக்கவில்லை. ஆனால் சைக்கிள் கடை அண்ணை முதல் நாளே ஒரு விசயம் சொன்னார்: "சேர், பஞ்சர் ஒட்ட வாற சனம் வயரைக் கழட்டிக்கொண்டு நிக்க ஏலாது." மோட்டர் சில்லுக்குள் இருந்தால் கம்பி உடைந்தாலும் ரயர் மாற்றினாலும் மோட்டரோடு மல்லுக்கட்ட வேண்டும். நடுவில் இருந்தால் இரண்டு சில்லும் பழைய சில்லுத்தான். எந்த ஊர்க் கடையிலும் பத்து நிமிசத்தில் ஒட்டிக்கொண்டு போகலாம். நாளைக்குச் சைக்கிள் பழுதானால் மோட்டரைக் கழற்றி இன்னொன்றில் பூட்டலாம்.

அதைவிட முக்கியமான காரணம் மோட்டரின் குணம். சின்ன மோட்டர் வேகமாகச் சுத்தும்போதுதான் நன்றாக வேலை செய்யும். மெதுவாகச் சுத்தச் சொல்லி பாரத்தைக் கொடுத்தால் கரண்டை இழுத்துச் சூடாகிவிடும். அதனால் வேகத்தைக் குறைத்து இழுவையைக் கூட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு விஞ்ஞான பாடத்தில் படிப்பிக்கிற அதே பல்சக்கரக் கணக்கு.

எங்களிடம் இருப்பது 24 வோல்ற், 250 வாற் கியர் மோட்டர். நிமிடத்துக்கு 2,750 தரம் சுத்தும். அதன் கியர் பெட்டி அதை 9.78 மடங்கு குறைத்து 281 ஆக்குகிறது. மோட்டர் பக்கம் 9 பல், கிராங் பக்கம் 44 பல் போட்டால் இன்னும் குறைந்து 57. அதாவது கிராங் ஒரு தரம் சுத்த மோட்டர் 48 தரம் சுத்துகிறது. நிமிடத்துக்கு 57 என்பது ஒரு மனிதர் அவசரமில்லாமல் மிதிக்கிற வேகம். அதிலிருந்து பின்சில்லுக்கு வழக்கமான 44க்கு 18 செயின். 28 அங்குலச் சில்லு ஒரு சுற்றில் 2.2 மீற்றர் போகும். பெருக்கிப் பாருங்கள், மணிக்கு 18 கிலோமீற்றர் சொச்சம் வரும். எங்கள் சைக்கிளின் வேகம் இந்தக் கணக்கிலிருந்து வந்தது. பின்னுக்குக் கியர் உள்ள சைக்கிள் என்றால் இன்னும் நல்லது. காற்றடிக்கிற நேரம் 24 பல்லுக்கு மாற்றினால் வேகம் 14க்கு இறங்கும், மோட்டரோ அதே 2,750இல் சுகமாகச் சுத்திக்கொண்டிருக்கும். நடுவில் பூட்டுவதன் பலன் இதுதான். சைக்கிளின் கியர் காலுக்கும் உதவும், மோட்டருக்கும் உதவும்.

ஒரு விசயத்தில் மட்டும் லேத் வேலை தேவைப்பட்டது. இரண்டு பிறீவீல் வேண்டும். ஒன்று பெடலுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில். அது இல்லாவிட்டால் மோட்டர் சுத்தும்போது பெடலும் சேர்ந்து சுத்தி முழங்காலைப் பதம் பார்க்கும். மற்றது மோட்டரிலிருந்து வருகிற செயினுக்கும் பல்சக்கரத்துக்கும் நடுவில். அது இல்லாவிட்டால் பற்றரி முடிந்த பிறகு வெறுங்காலால் மிதிக்கும்போது மோட்டரையும் சேர்த்து இழுக்க வேண்டிவரும். இந்த இரண்டும் இருந்தால் பற்றரி செத்தாலும் சைக்கிள் சைக்கிளாகவே இருக்கும். வீடு வந்து சேரலாம்.

பற்றரி லித்தியம் இரும்பு பொஸ்பேற் வகை, 3.2 வோல்ற் செல் 8, 10 அம்பியர் மணி. ஏறத்தாழ 250 வாற் மணி. காலால் மிதித்துக்கொண்டு போனால் கிலோமீற்றருக்கு 8 வாற் மணி என்று வைத்தாலும் 30 கிலோமீற்றர் ஓடும். நகரத்திலிருந்து சுன்னாகம் போய்வரலாம். சாவகச்சேரிக்கு ஒரு பக்கம் ஏறத்தாழ 16 கிலோமீற்றர், போய்ச் சார்ஜில் போட்டு வரலாம். ஒரு தரம் நிரப்ப மின்சாரம் அலகில் மூன்றில் ஒன்று கூடப் பிடிக்காது. அலகு 60 ரூபா என்றாலும் 20 ரூபாவுக்குள். அதே 30 கிலோமீற்றருக்கு மோட்டார் சைக்கிள் அரை லீற்றருக்கு மேல் குடிக்கும். லீற்றர் 300 ரூபா என்று வைத்தாலும் 150க்கு மேல். மாதத்தில் 22 நாள் வேலைக்குப் போகிறவர் கணக்குப் போட்டுப் பார்க்கட்டும்.

எங்கள் செலவில் பாதிக்கு மேல் பற்றரிக்கே போனது. மோட்டரும் கொன்ரோலரும் அடுத்தது. மிச்சமெல்லாம் பழைய இரும்பும் வெல்டிங் கூலியும். பழைய இரும்பு வியாபாரம் எங்கள் ஆக்களுக்குப் புதிதில்லை. எது எங்கே கிடைக்கும் என்று எங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை.

இனி யாருக்கு இது தேவை என்று பார்ப்போம். ஸ்பீட் கேட்கிற இளம் பிள்ளைகளை விடுங்கள். ஐம்பது, ஐம்பத்தைந்து வயதில் முழங்கால் நோவென்று சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, அதன் பிறகு கடைக்குப் போவதற்கும் ஒருவரை எதிர்பார்த்து நிற்கிற வாப்பாமார் எத்தனை பேர்? நோன்பு மாதத்தில் முஸ்லிம் பாடசாலைகளுக்கு விடுமுறை உண்டு. மற்றப் பாடசாலைகளிலும் காரியாலயங்களிலும் வேலை செய்கிற எங்கள் ஆக்களுக்கு இல்லை. பின்னேர வெயிலில் நோன்போடு எதிர்க்காற்றில் மிதித்து வருகிறார்கள். தீவக வலயப் பாடசாலைகளுக்குப் போகிற ஆசிரியைகள் பஸ்ஸைத் தவறவிட்டால் அன்றைய நாளே தவறிவிடும். இவர்களில் யாருக்கும் 40 கிலோமீற்றர் வேகம் தேவையில்லை. காற்றின் பாரத்தை யாரோ ஒருவர் பின்னாலிருந்து கொஞ்சம் தள்ளிவிட்டால் போதும்.

பெண்களைப் பற்றி ஒரு விசயம் தனியாகச் சொல்ல வேண்டும். யாழ்ப்பாணத்தில் பெண்கள் சைக்கிள் ஓடுவது யாருக்கும் புதினமில்லை. அது இந்த ஊரின் பெருமை. ஆனால் இணையத்தில் காட்டுகிற வீட்டுத் தயாரிப்புகளில் அநேகமானவை செயின் கவரைக் கழற்றி எறிந்துவிட்டுச் செய்தவை. மோட்டர் பூட்டினால் செயின் ஒன்றுக்கு இரண்டாகிறது, அதில் ஒன்று மோட்டர் இழுக்கிற செயின். அபாயாவோ சாரியோ சுடிதார் சோலோ அதில் மாட்டினால் கால் நிற்பாட்டினாலும் மோட்டர் நிற்பாட்டாது. ஆகவே இரண்டு செயினுக்கும் முழுக் கவர், பின்சில்லுக்கு இரண்டு பக்கமும் வலை, பிறேக் பிடித்த உடனே மோட்டர் கரண்டை வெட்டுகிற சுவிச். இந்த மூன்றும் இல்லாமல் ஒரு சைக்கிளைப் பெண்ணொருவரின் கையில் கொடுக்கக் கூடாது. தகரத்தில் கவர் அடிக்கிற செலவு பெரிய செலவில்லை. அழகு கெடுகிறது என்று சொல்கிறவர்களுக்கு எங்களிடம் பதில் இல்லை.

"இவ்வளவு ஏன் மினக்கெட வேண்டும், பெற்றோல்தான் இப்போது கிடைக்கிறதே" என்று கேட்கிறவர்களுக்கு 2022ஐ ஞாபகப்படுத்துகிறோம். அந்த வருடத் தொடக்கத்தில் 177 ரூபாவாக இருந்த ஒரு லீற்றர் பெற்றோல் ஜூன் கடைசியில் 470 ஆனது. ஜூன் 28 முதல் ஜூலை 10 வரை அத்தியாவசிய சேவைகளுக்கு மட்டும் என்றார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது, மோட்டார் சைக்கிளுக்குக் கிழமைக்கு 4 லீற்றர். செட்டில் இரவிரவாக வரிசையில் நின்றவர்கள் இந்தப் பதிவை வாசிக்கிறவர்களில் பாதிப்பேர். அந்த நாட்களில் சைக்கிள் வைத்திருந்தவன் ராசா. பழைய சைக்கிள்களைத் தூசு தட்டி எடுத்துக்கொண்டு எல்லோரும் கடைக்கு ஓடினார்கள். ரியூப் இல்லை, ரயர் இல்லை, இருந்தாலும் விலை மூன்று மடங்கு. பெற்றோல் வந்த உடனே அதே சைக்கிள்கள் திரும்பவும் சுவரில் சாய்ந்துவிட்டன.

யாழ்ப்பாணத்துக்கு அது முதல் தரம் இல்லை. 1990இல் யுத்தம் திரும்பத் தொடங்கிய பிறகு இங்கே பெற்றோலுக்குத் தடை, பற்றரிக்குத் தடை, மின்சாரமும் இல்லை. அப்போது இந்த ஊர்க்காரர் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். சொட்டுப் பெற்றோல் விட்டு ஸ்ராட் எடுத்து, பிறகு மண்ணெண்ணெய்க்கு மாற்றினார்கள். சைக்கிள் சில்லைச் சுத்தி டைனமோவில் ரேடியோ கேட்டார்கள். நோயாளியையும் விறகையும் நெல் மூட்டையையும் சைக்கிளில்தான் கொண்டுபோனார்கள்.

அந்தக் காலத்தில் நாங்கள் இங்கே இல்லை. 1990 ஒக்ரோபர் 30இல் இந்த மண்ணிலிருந்து வெளியேற்றப்பட்ட சமூகம் எங்களுடையது. எங்கள் தலைமுறை புத்தளத்து முகாம்களிலும் வாடகை வீடுகளிலும் வளர்ந்தது. அதனால் அந்த வருடங்களில் இங்கே பழகிய கைவேலையை நாங்கள் கண்ணால் பார்க்கவில்லை. திரும்பி வந்த பிறகு, அந்தக் காலத்தில் மண்ணெண்ணெயில் எஞ்சின் ஓட்டிய அதே ஆட்களிடம்தான் இப்போது கேட்டுப் பழகுகிறோம். எங்கள் சைக்கிளின் லேத் வேலையைச் செய்து தந்த ஐயாவும் அவர்களில் ஒருவர். அளவுகோல் எடுக்காமலே விரலால் தடவிப் பார்த்து "இன்னும் கால் மில்லி எடுக்கோணும்" என்கிற கை. அந்தக் கைகளுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. இன்னும் பத்து வருடத்தில் யாரிடம் போய்க் கேட்பது?

நாங்கள் பயப்படுவது இதற்குத்தான். மோட்டரை எப்போதும் வாங்கலாம். பூட்டத் தெரிந்த கை போய்விட்டால் வாங்க முடியாது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியை நிறுத்தினார்கள், 2025 தொடக்கத்தில்தான் படிப்படியாகத் திறந்தார்கள். ஐந்து வருடம். அப்படி ஒரு ஐந்து வருடம் திரும்ப வந்தால், கடையில் வாங்கிய ஸ்கூட்டரின் ஒரு சின்னச் சாமான் பழுதானாலும் அது மூலைக்குப் போகும். இங்கே செய்த சைக்கிளின் ஒவ்வொரு ஆணியும் யாருக்காவது தெரிந்திருக்கும்.

காசு விசயத்தையும் சொல்லிவிடுகிறோம். எங்கள் இளைஞர்களில் எத்தனை பேர் லீசிங்கில் மோட்டார் சைக்கிள் எடுத்து, மாதக் கட்டுப்பணத்துக்காக ஓடிக்கொண்டிருக்கிறார்கள்? வட்டி ஹராம் என்று ஜும்ஆவில் கேட்டுவிட்டு வெளியே வந்து ஏறுவது வட்டிக்கு எடுத்த வாகனத்தில். அவர்களைக் குற்றம் சொல்லிப் பயனில்லை, வேறு வழியை யாரும் காட்டவில்லை. வட்டியில்லாமல், கொஞ்சம் கொஞ்சமாக, இந்த மாதம் மோட்டர், அடுத்த மாதம் பற்றரி என்று சேர்த்துச் செய்யக்கூடிய ஒரு வாகனம் இது. எல்லோருடைய தேவைக்கும் இது பதிலாகாது. மன்னாருக்கு மீன் ஏற்றப் போகிறவருக்கு லொறிதான் வேண்டும். ஆனால் ஒரு நாளைக்கு 10, 15 கிலோமீற்றருக்குள் சுற்றிவருகிற எங்களில் பலருக்கு இது காணும்.

எதிராகச் சொல்லப்படுகிறவற்றில் நியாயமானவையும் உண்டு.

செயின் கெதியில் தேயும் என்கிறார்கள். உண்மை. காலும் மோட்டரும் ஒரே செயினில் இழுக்கின்றன. 250 வாற்றில் அது தாங்கக்கூடிய தேய்வு, எண்ணெய் விட்டு, இழுபட்டால் மாற்ற வேண்டும். ஆயிரம் வாற் போட்டால் செயின் அறுவது மட்டுமில்லை, பிறேமின் ஒட்டும் விடும். சின்ன மோட்டர் போடச் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

பற்றரி தீப்பிடிக்கும் என்கிறார்கள். கவனமில்லாவிட்டால் பிடிக்கும். பழைய லப்டொப்பில் கழற்றிய செல்களை ஒட்டவைத்துப் பற்றரி செய்வதை பிள்ளைகள் விளையாட்டாக எடுக்கக் கூடாது. இரும்பு பொஸ்பேற் செல் மற்ற லித்தியம் வகைகளை விடச் சூட்டைத் தாங்கும், அதனால்தான் அதை எடுத்தோம். ஒவ்வொரு செல்லையும் கண்காணிக்கிற காவல் பலகை கட்டாயம். பற்றரி முனையிலேயே 20 அம்பியர் பியூஸ் கட்டாயம். அதற்கென்று உள்ள சார்ஜரைத் தவிர வேறெதுவும் மாட்டக் கூடாது. இரவில் எல்லோரும் படுத்த பிறகு, வாசற்கதவடியில் வைத்துச் சார்ஜ் போடவே கூடாது. தீவுப்பகுதியில் இருப்பவர்கள் உப்புக்காற்றுக்கு வயர் முனைகளை மாதம் ஒரு தரம் பார்க்க வேண்டும். நவம்பர், டிசம்பர் வெள்ளத்தில் பற்றரியைக் கழற்றி உயரத்தில் வைக்க வேண்டும்.

பொலிஸ் பிடிக்குமா என்று கேட்கிறார்கள். மின்சார மோட்டார் சைக்கிளுக்குப் பதிவும் இலக்கத்தகடும் அனுமதிப்பத்திரமும் வேண்டும். மிதிக்காமலே பறக்கிற ஒன்றைச் செய்துவிட்டு அதைச் சைக்கிள் என்று சாதிக்க முடியாது. உங்கள் மோட்டரின் வாற், வேகம், பெடல் இருக்கிற விதம் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக்கொண்டு மோட்டார் போக்குவரத்துத் திணைக்களத்தின் மாவட்டக் காரியாலயத்தில் கேட்டு, அவர்கள் சொல்கிறபடி செய்யுங்கள். ஒளித்து ஓடுகிற வேலை வேண்டாம்.

மோட்டர் பூட்டினால் உடற்பயிற்சி போய்விடும் என்கிறார்கள். சுவரில் சாத்திய சைக்கிளில் என்ன உடற்பயிற்சி? காற்றுக்குப் பயந்து ஓட்டோ பிடிக்கிறவர் பாதிப் பாரத்தையாவது மிதித்தால் அது இலாபம்தான்.

கடைசியாக, ஊரிடம் நாங்கள் கேட்பது மூன்று விசயம்.

ஒன்று, பாடசாலைகளிடம். 6 முதல் 9ஆம் தரம் வரை செயன்முறைத் தொழினுட்பத் திறன்கள் என்று பாடம் இருக்கிறது. சாதாரண தரத்தில் வடிவமைப்பும் இயந்திரத் தொழினுட்பவியலும் இருக்கிறது. 2013இலிருந்து உயர்தரத்தில் தொழில்நுட்பப் பிரிவும் இருக்கிறது. பல்சக்கர விகிதம், வாற், அம்பியர், வெல்டிங், பாதுகாப்பு எல்லாம் ஒரே சைக்கிளில் இருக்கின்றன. ஒப்படைக்கு மாதிரி வீடு ஒட்டுகிற நேரத்தில் ஒரு வகுப்பு சேர்ந்து ஒரு சைக்கிளைச் செய்யலாம். 2021இல் மதுரையில் ஒரு கல்லூரி மாணவன் சூரிய சக்தியில் ஓடுகிற சைக்கிளைச் செய்து செய்தியில் வந்தான். எங்கள் பிள்ளைகள் எதில் குறைந்தவர்கள்?

இரண்டு, பள்ளிவாசல் நிர்வாகங்களிடமும் சனசமூக நிலையங்களிடமும். வட்டியில்லாக் கடனாகவோ உதவியாகவோ வருடத்துக்கு ஒன்றிரண்டு சைக்கிளுக்கு மோட்டரும் பற்றரியும் வாங்கிக் கொடுக்கலாம். முதலில் பிள்ளைகளை வைத்துக்கொண்டு வேலைக்குப் போகிற விதவைத் தாய்மாருக்கும், முழங்கால் ஏலாத முதியவர்களுக்கும். தையல் மெசின் கொடுப்பதைப் போலத்தான் இதுவும்.

மூன்று, இளைஞர்களிடம். ஸ்பீட் கேட்க முதல் பிறேக்கைப் பாருங்கள். பழைய கம்பி பிறேக்கில், நனைந்த இரும்பு றிம்மில், எதைப் பூட்டினாலும் ஆபத்து. மோட்டர் வாங்க முதல் நல்ல பிறேக், நல்ல ரயர், முன்னுக்கும் பின்னுக்கும் லைற். அதன் பிறகு மோட்டரைப் பற்றிக் கதைப்போம்.

பல்லுக் கணக்கு, கவர் அடித்த அளவு, வயர் இணைப்புப் படம் எல்லாம் கொப்பியில் எழுதி வைத்திருக்கிறோம். கேட்கிறவர்களுக்குக் காசில்லாமல் தருகிறோம், படம் எடுத்துக்கொண்டு போகலாம். ஒரேயொரு நிபந்தனை. நீங்கள் ஒன்றைச் செய்து முடித்தால் இன்னொருவருக்குச் செய்யக் காட்டிக் கொடுக்க வேண்டும். சனிக்கிழமைகளில் அஸர் தொழுகைக்குப் பிறகு கடையில் இருப்போம், இன்ஷா அல்லாஹ். தமிழ்ப் பிள்ளைகளும் முஸ்லிம் பிள்ளைகளும் சேர்ந்தே வாருங்கள். ஸ்பானர் பிடிக்க ஆள் போதாமல் இருக்கிறது.